கடைசிப் பத்து நிமிசம்

அவருக்க பேரை நான் சொல்ல மாட்டேன். ஒளிச்சு வைக்கணும்ணு இல்ல, சொல்ல எனக்கு யோக்கியதை கெடையாது. முழுசும் கேட்டா ஏன்ணு உங்களுக்கே தெரியும். ஊர்ல அவரைக் கம்பவுண்டர்ணு கூப்பிடுவாங்க. மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இரணியல் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல, ரப்பர் மரம் நிக்கிற விளையை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில எப்பவும் ஒரு பெரிய சாவி.

நான் அந்தப் பக்கம் தபால் கொடுக்கிறவ. ஸ்கூட்டியில வீடு வீடா ஏறி இறங்குவேன். எவன் கோர்ட்டுக்கு அலையுதான், எந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்காங்க, எந்த வீட்டுல அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லாம இருக்காங்க, எல்லாம் கவரைத் தொட்டாலே எனக்குத் தெரிஞ்சு போவும். அதோட சந்தேகப் புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. எனக்க மாப்பிள்ளை சாயங்காலம் ஒரு தடவை கூடுதலா குளிச்சா, இந்த மனுசன் எதுக்கு இப்பக் குளிச்சாருண்ணு ராத்திரி வரை ஆலோசிப்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கம்பவுண்டர் ஒரு பெரிய தலைவேதனை.

என்ன காரியம்னா, அந்த மனுசன் எதையும் கடைசி வரை இருந்து பாக்க மாட்டாரு. கல்யாண வீட்டுக்கு வருவாரு, முதல் பந்தியிலயே உக்காருவாரு. பருப்பு வரும், சாம்பார் வரும், உண்பாரு. அடைப்பிரதமன் வாளி வரிசையில வாற நேரம் பாத்து இலையை மடக்கிட்டு எழும்பிருவாரு. எங்க நாட்டுல பாயசம் வாங்காம பந்தியில இருந்து எழும்பினா பொண்ணு வீட்டுக்காரனுக்கு நெஞ்சு பொறுக்குமா? எனக்க சித்தப்பா மகளுக்க கல்யாணத்துல, "என்ன சார், நாங்க வச்ச பாயசம் உங்களுக்குப் பிடிக்காதோ"ண்ணு சித்தப்பா வழியை மறிச்சுக் கேட்டாரு. "பிடிக்கும் மக்கா, நேரம்தான் இல்ல"ண்ணு சொல்லிட்டு வெயில்ல வேகமா நடந்து போனாரு. ரிட்டயர் ஆன மனுசனுக்கு என்ன எழவு நேரமில்ல? மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போனாலும் இதே கதைதான். தொழுதுட்டுத் திரும்பி வாற பஸ்ஸுல தனியா இருப்பாரு.

ஆளு தங்கமான ஆளு, அதையும் சொல்லணும். ஒரு தடவை எனக்க பசு கண்ணு போட்ட மூணாம் நாளு செத்துப் போச்சு. கண்ணுக்குட்டி குப்பிப்பாலைத் திரும்பிக்கூடப் பாக்கல்ல. கம்பவுண்டரைக் கூப்பிட்டேன். வந்தவரு ஊசி மருந்து ஒண்ணும் எடுக்கல்ல. செத்த தள்ளப் பசு கெடந்த சாக்கு எங்கண்ணு கேட்டாரு. அந்த நாத்தச் சாக்கைத் தோளோட போத்திக்கிட்டு, கண்ணுக்குட்டிக்குப் பக்கத்துல நாலு காலுல நிண்ணு, அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் கொடுத்தாரு பாருங்க. அது அச்சு அசலா செத்த பசுவுக்க சத்தம். கண்ணுக்குட்டி முட்டி முட்டி அவருக்கிட்ட போச்சு, குப்பியைச் சப்ப ஆரம்பிச்சுது. பாதிக் குப்பி இறங்கல்ல, வாட்சைப் பாத்தாரு. "மிச்சத்தை நீ கொடு மக்கா"ண்ணு சாக்கை எனக்குப் போத்தி விட்டுட்டு ஓடிட்டாரு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு லைப்ரரி மாடியில படம் போடுவாரு. அவருக்க மகன் நாலு வருசம் முன்ன துபாய்ல இருந்து கொண்டு வந்து கொடுத்த லேப்டாப்பும் சின்ன புரொஜெக்டரும் உண்டு. எல்லாம் பழைய வெளிநாட்டுப் படம். நாங்க பத்துப் பதினைஞ்சு பேரு, பாதிக்கு மேல பொம்பளையள். எங்களுக்கு அந்தப் பாஷை தெரியாதுண்ணு அவரே பக்கத்துல நிண்ணு நம்ம பேச்சுல குரல் கொடுப்பாரு. ஆம்பளைக்கு ஆம்பளைக் குரல், கிழவிக்குக் கிழவிக் குரல். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, பேசுறது ஒத்தை ஆளுண்ணு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. ஆனா படம் முடிய பத்து நிமிசம் இருக்கும்போ லேப்டாப்பை டப்புண்ணு மூடிருவாரு. "மிச்சத்தை நீங்க ஆலோசிங்க. அடுத்த ஞாயிறு நான் பறையுதேன்." போன்ல தேடிப் பாக்கலாம்ணா, படத்துக்க பேரு வாற இடத்தை ஓட்டி விட்டுத்தான் போடுவாரு. கேட்டாலும் சொல்ல மாட்டாரு. லைப்ரரி வசந்தா அக்கா, "கொல்லுதாரே மனுசன்"ண்ணு தலையில அடிச்சிக்கிடுவா. நான் மட்டும் சன்னல் வழியா பாத்துட்டு நிப்பேன். வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல அவரு போற போக்கு, வீட்டுல அடுப்புல எதையோ வச்சு மறந்துட்டு வந்த ஆளு போற போக்கு.

நாலு மணி. ஞாயித்துக்கிழமைண்ணா எப்பவும் நாலு மணி. இதை முதல்ல கண்டு பிடிச்சதும் நான்தான். எங்க போனாலும் ரெண்டு மணிக்கூருக்கு மேல அவரு வெளிய நிக்கிறது இல்ல.

அவருக்க சம்சாரத்தைப் பத்திச் சொல்லணும். பெரிய டீச்சர். எங்க ஸ்கூலுக்க எச்.எம். எனக்கு அஞ்சாங் கிளாஸ் எடுத்தவ. அவிய நடந்து வந்தா முந்திரி உடைக்க அண்டியாபீஸுக்குப் போற பொம்பளையள்கூட ரோட்டுல ஒதுங்கி வழி விடுவாங்க. வாசிச்சுப் பாக்காம எதுலயும் ஒப்புப் போடாதட்டிண்ணு எங்க எல்லாருக்கும் கையெழுத்துப் போடப் படிப்பிச்ச டீச்சர். அந்த டீச்சரை மூணு வருசமா ஊர்ல ஒருத்தரும் கண்ணால காணல்ல. கேட்டா, "அவளுக்கு முட்டுவலி", "அவ தூங்குதா", "மகனுக்கிட்ட போன்ல பேசுதா". தினம் ஒரு பதில். அவரு வெளிய வாற நேரம் வாசல்ல வெளிப்பக்கமா பூட்டு தொங்கும். உள்ள ஆளிருக்க வெளிய எதுக்குப் பூட்டு? கொடியில டீச்சருக்க நைட்டி காயும், ஆனா டீச்சர் இல்ல. ஒரு நாளு பகல்ல, தபாலோட கேட்டுக்கிட்ட நிக்கும்போ உள்ள இருந்து ஒரு கிழவிக்க குரல் கேட்டுது. "பொன்னு மக்களே"ண்ணு ஒரு விளி. அது டீச்சருக்க அம்மைக்க குரல். விளவங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு, யாரும் மாத்திக் கேக்க முடியாது. எனக்க கையில இருந்த கவர் கீழ விழுந்துட்டு. அந்தக் கிழவி செத்து எத்தனையோ வருசம் ஆச்சு. அடியந்திரச் சாப்பாடு நானே உண்டிருக்கேன்.

அதுக்குப் பொறவு எனக்கு உறக்கம் இல்ல. இந்தாளு நம்ம டீச்சரை என்னமோ செய்துட்டான், அதுதான் எனக்க மனசுல ஓடிக்கிட்டு இருந்துது.

அப்பதான் டீச்சர் பேருக்கு ஒரு ரெஜிஸ்டர் தபால் வந்துது. எனக்கு சக்கை வெட்டும்போ தேன் கிடைச்ச சந்தோசம். கம்பவுண்டர் கேட்டுக்கு வந்து கையை நீட்டினாரு.

"டீச்சர் ஒப்புப் போடணும் சார்."

"அவ கெடந்து உறங்குதா மக்கா. நான் போடுதேன். எப்பவும் நான்தானே போடுவேன்?"

"அது சாதாத் தபாலுக்கு. இதுக்கு ஆளு நேர்ல வரணும். நான் காத்து நிக்கேன்."

அவரு எனக்க முகத்தையே பாத்தாரு. கோபம் இல்ல. கள்ளத்தனம் பிடிபட்ட பிள்ளை முழிக்குமே, அந்த முழி. "நாளைக்கு வா"ண்ணாரு. நாளைக்குப் போனா, "நாளைக்கு". வீட்டுக்காரரு போட்டா நான் கொடுக்கலாம். எத்தனையோ வீட்டுல கொடுத்திருக்கேன். ஆனா இங்க கொடுக்கல்ல. ஆளைக் காணாம விடப்பிடாதுண்ணு எனக்கு ஒரு வாசி, ஒரு பிடிவாதம்.

அந்த ஞாயித்துக்கிழமை போட்ட படம் கறுப்பு வெள்ளை. ரயில் பாதைக்குப் பக்கத்துல பெரிய பங்களா. ஒரு தம்பிக்காரன், மாடியில சுகமில்லாத அக்கா. அக்கா பியானோ வாசிக்கிற சத்தம் கேக்கும், தம்பியோட சண்டை போடுற சத்தம் கேக்கும், ஆளைக் காட்டவே மாட்டான். தட்டுல சாப்பாடு மேல போவும், காலித் தட்டு கீழ வரும். அங்க தங்க வந்த ஒரு பொண்ணுக்குச் சந்தேகம். கடைசியில தம்பி வெளிய போன நேரம் பாத்து அந்தப் பொண்ணு மாடிப்படி ஏறுது. ஒவ்வொரு படியா ஏறுது. பியானோ நிக்குது. கதவுக்க பிடியில கையை வைக்குது. டப். லேப்டாப்பை மூடியாச்சு. மணி நாலாவப் போவுது.

"எனக்குத் தெரியும்"ண்ணா வசந்தா அக்கா. "அக்காக்காரி எப்பவோ செத்தாச்சு. தம்பிதான் ரெண்டு குரல்லயும் பேசுதான்."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் பையை எடுத்துக்கிட்டு இறங்கினேன். பைக்குள்ள அந்த ரெஜிஸ்டர் தபால் இருந்துது. ஆபீஸ்ல ஒப்படைக்கணும், வீட்டுக்குக் கொண்டு போவப்பிடாது. சட்டம் பேசின நானேதான் கொண்டு போயிருந்தேன்.

ஸ்கூட்டியை ரப்பர் விளைக்குள்ள நிறுத்திட்டுப் பின்பக்கமா போனேன். அடுக்களை சன்னல் பாதி திறந்து கெடந்துது. எட்டிப் பாத்தேன். கம்பவுண்டர் சின்னப் பலகையில எனக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாரு. தலையோட ஒரு பழைய நேரியலைப் போத்தியிருந்தாரு, கிழவியள் போத்துவாங்களே அப்படி. கையில கஞ்சிப் பாத்திரம். முன்னால யாரையும் காணல்ல.

"உண்ணு மக்களே. எனக்க பொன்னுல்லா. அம்மையல்லா கொண்டு வந்திருக்கேன். ஒரு வாயி உண்ணு."

செத்த கிழவிக்க குரல். அவருக்க வாயில இருந்து.

போனை எடுக்க எனக்க கை தானா போச்சு பாருங்க. முப்பது செகண்ட் வீடியோ எடுத்திருப்பேன். தக்கலையில இருக்க எனக்க தங்கச்சிக்கு அனுப்பினேன். 'கம்பவுண்டருக்குப் பேய் பிடிச்சிருக்குட்டி. டீச்சரைக் கொண்ணுட்டான்ணு தோணுது.' ஒருத்திக்கு மட்டும்தான் அனுப்பினேன், அவ கூடப்பிறந்தவ, இதுல என்னண்ணு நினைச்சேன்.

அனுப்பி முடிச்ச பொறவுதான் இன்னொரு குரல் கேட்டுது.

"அம்மே, அந்த ஆளு போயாச்சா?"

டீச்சருக்க குரல். தரையில சப்பணம் போட்டு உக்காந்திருந்திருக்கா. அவருக்க முதுகு மறைச்சதுல எனக்குத் தெரியல்ல. மெலிஞ்சு போயி, தலைமுடியை ரெட்டைச் சடையா பின்னிப் போட்டு, வாயில கஞ்சி வழிய, பயந்து பயந்து வாசலைப் பாக்கா.

"போயாச்சு மக்களே. நான் அவனை விரட்டி விட்டாச்சு. இனி வர மாட்டான். நீ உண்ணு."

"அவன் எதுக்கு நம்ம வீட்டுல நிக்கான்? எனக்குப் பேடியாட்டு இருக்கு அம்மே."

"பேடிக்காண்டாம். அம்மையிருக்கேன்லா."

அந்த ஆளுண்ணு அவ சொன்னது அவரைத்தான். கட்டின மாப்பிள்ளையை. அது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் சன்னலை விட்டுப் பின்னால நவுந்தேன். காலுக்கடியில சருகு நொறுங்கின சத்தத்துல அவரு திரும்பினாரு. என்னைப் பாத்தாரு. ஏசல்ல, எழும்பல்ல. அதே கிழவிக் குரல்லதான் பேசினாரு.

"மக்களே, உனக்குத் தபால் கொண்டு ஒரு பிள்ளை வந்திருக்கா. ஒப்புப் போடணுமாம். போடுவியா?"

முன்வாசல் வழியா உள்ள போனேன். கார்டை நீட்டினேன். டீச்சர் பேனாவை வாங்கினா. நிமிந்து உக்காந்தா. அந்தக் கையெழுத்து ஒரு சுழி மாறல்ல, அடியில 'தலைமை ஆசிரியை'ண்ணும் எழுதினா. பொறவு பேனாவைத் திருப்பித் தரல்ல. சின்னப் பிள்ளை மாதிரி மடியில ஒளிச்சு வச்சா.

வாசல் முத்தத்துக்கு வந்தப்பதான் அவரு நேரியலை எடுத்தாரு. சொந்தக் குரல் வந்துது.

"மூணு வருசமாச்சு மக்கா. என்னை ஆருண்ணு தெரியல்ல. என்னைக் கண்டா கத்துவா, உண்ண மாட்டா. அம்மையிண்ணா உண்ணுவா. மத்தியானம் மாத்திரை கொடுத்தா ரெண்டு மணிக்கூர் உறங்குவா. அதுக்குள்ள நான் ஓடி வந்துரணும். ஒரு நாளு பிந்திட்டு. எழும்பி அம்மையைத் தேடி ரயில் பாதை வரை போயிட்டா. அதுக்குப் பொறவுதான் பூட்டு."

"மகனுக்குத் தெரியாதா சார்?"

"தெரிஞ்சா எங்கயாவது கொண்டு சேப்பான். சுகக்கேடு தொடங்கும்போ அவ எனக்கிட்ட சத்தியம் வாங்கினா. நான் பெரிய டீச்சரா நடந்த ஊரு, என்னை எவனும் கோட்டி, பைத்தியம்ணு பறையப்பிடாது, எவளும் பாக்கப்பிடாதுண்ணு." அவரு எனக்க கையைப் பிடிச்சாரு. "நீ பாத்துட்ட, போவட்டு. நீ அவளுக்கிட்ட படிச்ச பிள்ளை. வெளிய பறையாண்டாம், கேட்டியா மக்கா?"

தலையை ஆட்டினேன். இன்னொரு கையில போன் அதிர்ந்துக்கிட்டே இருந்துது.

ரோட்டுக்கு வந்து எல்லாருக்கும் அழிண்ணு அமுக்கினேன். தங்கச்சியைக் கூப்பிட்டேன். "ஐயோ எக்கா, நான் எங்க குடும்ப குரூப்புல மட்டும்தான் போட்டேன்"ண்ணா. ராத்திரிக்குள்ள அது எங்க ஊருக்கே திரும்பி வந்துது. 'பெண் வேடமிட்டு ஆவியுடன் பேசும் முதியவர், இரணியல் அருகே பரபரப்பு.' கடைசி வரை பாக்காம நான் அனுப்பின முப்பது செகண்ட். அதுக்கடுத்த பத்து செகண்ட் இருந்திருந்தா டீச்சருக்க குரலாவது கேட்டிருக்கும், ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான். விளைக்குள்ள ஆளுவ வந்து மதிலுக்கு மேல எட்டிப் பாத்தாங்க. கிழவிக் குரல்ல விளிச்சு விளையாடினாங்க. டீச்சர், அம்மை வெளியிலயா நிக்காண்ணு ஓடி வந்து கதவைப் போட்டு இடிச்சாளாம்.

மகன் அந்த ஆழ்ச்சையே, ஏழு நாளு முடியும் முன்ன வந்தான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, துபாய்ல கூட வேலை செய்யிறவன் காட்டித்தான் அவன் சொந்த அப்பனை அந்த வீடியோவுல பாத்திருக்கான். களியக்காவிளை தாண்டி ஒரு இல்லத்துல அம்மையைக் கொண்டு சேத்தான். பொம்பளையளுக்கு மட்டும் உள்ள இடம். அப்பன் ஞாயித்துக்கிழமை மட்டும் போயிப் பாக்கலாம். போனா, "அந்த ஆளு வந்துட்டான்"ண்ணு டீச்சர் கத்துவா. நேரியலைக் கொண்டு போனாரு. அங்க உள்ளவங்க, இங்க இதெல்லாம் வேண்டாம் ஐயா, மத்த நோயாளிய பயப்படுதாங்கண்ணு சொல்லிட்டாங்க. போன்ல அம்மைக் குரல்ல பேசிப் பாத்தாரு. டீச்சர் போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அம்மை எங்கண்ணு கட்டிலுக்கு அடியில தேடினாளாம். உண்ணாம கெடந்தா. மழைக்காலம் முடியல்ல, செத்துப் போனா.

ரப்பர் விளைக்குள்ள இருந்து யாரு எடுத்திருப்பாண்ணு அவருக்குத் தெரியாம இருக்குமா? அண்ணைக்கு அங்க நிண்ணது நான் ஒருத்திதானே. ஒரு வார்த்தை கேக்கல்ல. தபால் கொண்டு போனா வாங்கினாரு, வழக்கம்போல "வெயிலு கூடுதல் மக்கா"ண்ணாரு. கேட்டிருந்தா அவருக்க காலுல விழுந்திருப்பேன்.

அடியந்திரத்துக்கு ஊரு முழுக்க வந்துது. அவரு பந்தியில உக்காந்தாரு. பாயசம் வந்துது. வாங்கினாரு. இலையில ஊத்தினதைப் பையப் பைய முழுசும் உண்டாரு. வாளியோட நிண்ணு அவருக்கு விளம்பினது நான்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை லைப்ரரியில அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரும்பப் போட்டாரு. குரலெல்லாம் கொடுத்தாரு. பொண்ணு மாடிப்படி ஏறிச்சு. கதவுப் பிடியில கை வச்சுது. நாங்க எல்லாரும் லேப்டாப்பைத்தான் பாத்தோம். அவரு மூடல்ல. கதவு திறந்துது. அக்காக்காரி உயிரோடதான் இருந்தா. பியானோவுக்குப் பின்னால ஒடுங்கி உக்காந்து, உள்ள வந்த பொண்ணைக் கண்டு பயந்து என்னமோ சொன்னா. அதுக்குக் குரல் கொடுக்க கம்பவுண்டர் வாயைத் திறந்தாரு. குரல் வரல்ல. அதுக்குப் பொறவு முடியிற வரை படம் அவருக்க குரல் இல்லாமலே ஓடிச்சு.

எல்லாரும் இறங்கிப் போனாங்க. நான் பையைத் தோளில மாட்டிக்கிட்டு வாசல்ல நிண்ணேன். அந்த வீடியோ எடுத்தது நான்தான்ணு சொல்லிரணும், இண்ணைக்குச் சொல்லிரணும். அவரு நாற்காலியில உக்காந்து சட்டைப் பையைத் தடவினாரு. சாவி இல்ல. கையை மடியில வச்சுக்கிட்டாரு.

"சார்"ண்ணேன்.

"நீ போ மக்கா. உனக்கு வீட்டுல ஆளு காத்திருக்கும். எனக்கு இனி அவசரம் ஒண்ணும் இல்லல்லா."